மூச்சுக்கு ஷிஃப்ட் போட்டவர்கள்

ஐ.சி.யூ. வாசலில் எப்போதாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் பாக்கியசாலி. உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கதவு ஆயுசுக்கும் மறக்காது. கண்ணாடி வட்டம் வைத்த கதவு. செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு, ஒருவர் மட்டும் ஐந்து நிமிஷம் உள்ளே போகலாம். போனால் என்ன தெரியும்? கோடு கோடாக ஓடும் திரைகள், 'பீப் பீப்' சத்தம், வாயில் குழாய். வெளியே வந்து சொந்தக்காரர்களிடம், "மெஷின்லதான் வெச்சிருக்காங்க" என்போம். சொல்லும்போதே ஒரு ஆறுதல். மெஷின் பார்த்துக்கொள்ளும்.

2020-ல் கொரோனா வந்தபோது உலகமே இந்த நம்பிக்கையில்தான் இருந்தது. எந்த நாட்டில் எத்தனை வென்டிலேட்டர் என்று டி.வி.யில் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நாளில்தான் இன்னொரு கேள்வி வந்தது. சரி, வென்டிலேட்டரை வாங்கியாகிவிட்டது. பக்கத்தில் நின்று அதை இருபத்துநாலு மணி நேரமும் கவனிக்கத் தெரிந்த நர்ஸும் டாக்டரும் எங்கே? அவர்களை யார் வழிநடத்துவது?

ஐ.சி.யூ. பிறந்த கதையே இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது பிறந்தபோது அங்கே மெஷின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இருந்தது ஒரு ரப்பர் பை. அதை அழுத்த ஆயிரத்துச் சொச்சம் ஜோடிக் கைகள். அப்புறம், தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரு பெரிய டாக்டர்.

டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகன். 1951 செப்டம்பரில் போலியோ பற்றிய சர்வதேச மாநாடு அங்கேதான் நடந்தது. உலகத்தின் பெரிய பெரிய நிபுணர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் போலியோவே நேரில் வந்தது. சும்மா வரவில்லை, பேயாட்டம் ஆடியது.

ஊரின் தொற்றுநோய் ஆஸ்பத்திரி ப்ளெக்டம். 1952 ஜூலையில் ஆரம்பித்த அலை டிசம்பர் வரை ஓயவில்லை. சுமார் 2,700 பேர் அந்த ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். உச்சத்தில் ஒரே நாளில் 50 பேர். நிறைய குழந்தைகள். போலியோ என்றால் நமக்குச் சூம்பிப்போன கால்தான் ஞாபகம் வரும். இங்கே வந்தவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது கால்களைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. மூச்சு விடும் தசைகள் செயலிழந்தன. பலருக்கு விழுங்கும் தசையும் போயிற்று. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், அது நுரையீரலுக்குள் இறங்கி, சொந்த எச்சிலிலேயே மூழ்கிக்கொண்டிருந்தார்கள். நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியின் கையிருப்பு? 'இரும்பு நுரையீரல்' ஒன்று. அதாவது தலையை மட்டும் வெளியே விட்டு உடம்பைப் பீப்பாய்க்குள் படுக்கவைத்து, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி மூச்சுவிடச் செய்யும் கருவி. அது போக, நெஞ்சில் மட்டும் கவசம் மாதிரி மாட்டும் சின்னக் கருவிகள் ஆறு. ஆக மொத்தம் ஏழு. முதல் மூன்று வாரத்தில் மூச்சுத்தசை பாதிக்கப்பட்ட 31 பேருக்கு இவற்றை வைத்து சிகிச்சை செய்தார்கள். 27 பேர் செத்துப்போனார்கள்.

தலைமை டாக்டர் ஹென்றி லாஸன். தொற்றுநோயில் பெரிய புள்ளி. போலியோவைப் பற்றி அவருக்குத் தெரியாதது கொஞ்சம். இப்படி ஒரு மனிதருக்கு அந்த ஆகஸ்ட் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் ஆம்புலன்ஸ் வருகிறது. தினமும் சவப்பெட்டி போகிறது. கையில் இருந்த வித்தையெல்லாம் தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அவருக்குக் கீழே வேலை பார்த்த மோகன்ஸ் ப்யோர்னபோ என்ற டாக்டர் வாயைத் திறந்தார். "ஒரு மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கலாமே" என்பது அவருடைய யோசனை. பெயர் ப்யோர்ன் இப்சன். வயது 36. அமெரிக்காவில் பாஸ்டனில் பயிற்சி பெற்று வந்தவர். சற்று முன்னர்தான் டெட்டனஸ் வந்த ஒரு பச்சைக்குழந்தைக்கு, ப்யோர்னபோவும் இப்சனும் சேர்ந்து கையாலேயே காற்றைச் செலுத்தி சிகிச்சை செய்து பார்த்திருந்தார்கள்.

இன்றைக்குக் கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அன்றைக்கு அப்படியில்லை. மயக்க மருந்து டாக்டர் என்றால் ஆபரேஷன் தியேட்டரோடு சரி. சர்ஜன் வெட்டுவார், இவர் தூங்கவைப்பார், முடிந்ததும் எழுப்புவார், போய்விடுவார். அவருக்கும் வார்டுக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் தொற்றுநோய் வார்டில், அந்தத் துறையின் ஜாம்பவானுக்கு வந்து யோசனை சொல்வதா? லாஸன் தயங்கத்தான் செய்தார். ஆனால், சம்மதித்தார். அந்தச் சம்மதத்தை ஒரு பக்கமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையே அதில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 25. இப்சன் வந்தார். நோயாளிகளைப் பார்த்தார், குறிப்புகளைப் படித்தார், இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையைப் பார்த்தார். நுரையீரல்கள் உயிரை வாங்கும் அளவுக்குக் கெட்டுப்போயிருக்கவில்லை. பிறகு ஏன் செத்தார்கள்?

பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை ரத்தத்தில் பைகார்பனேட் எக்கச்சக்கம் என்றது. ரத்தத்தில் காரம் கூடிவிட்டது, காரணம் புரியவில்லை என்று டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். இப்சனுக்கு அது நேர்மாறாகப்பட்டது. இந்தக் குழந்தைகள் போதுமான அளவு மூச்சை வெளியே விடவில்லை. அதனால் கார்பன் டை ஆக்ஸைடு உள்ளேயே தேங்கி ரத்தம் அமிலமாகிறது. நம் அடுப்படி மாதிரிதான். ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது, ஆனால் புகைபோக்கி அடைத்துக்கிடக்கிறது. ஆக்ஸிஜன் கொடுப்பதால் நோயாளியின் தோல் சிவப்பாக இருக்கிறது, பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது. உள்ளே புகை நிரம்பிக்கொண்டிருக்கிறது. கூடத்தின் பொறுப்பாளர் பவுல் அஸ்ட்ரப், ரத்தத்தின் பி.ஹெச். அளவை அளந்து பார்த்தார். இப்சன் சொன்னது சரி.

வியாதி தெரிந்துவிட்டது. வைத்தியம்? தியேட்டரில் தினமும் தான் செய்வதையே செய்யலாம் என்றார் இப்சன். தொண்டையில் துளை போட்டு, சுற்றிலும் பலூன் வைத்த குழாயைச் செருகினால் எச்சில் உள்ளே இறங்காது. குழாயில் ரப்பர் பையை மாட்டி, கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம்.

ஆகஸ்ட் 27. செய்து காட்டச் சொன்னார்கள். கிடைத்தது 12 வயதுச் சிறுமி. கைகால் நான்கும் விழுந்துவிட்டன. காய்ச்சல். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது. நீலம் பாரித்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி தாண்டுவாள் என்று யாரும் நம்பவில்லை.

சுற்றி நின்று டாக்டர்கள் பார்க்க, தொண்டையில் துளை போட்டார்கள். குழாய் போயிற்று. இப்சன் பையை அழுத்தினார். காற்று போகவில்லை! சிறுமி மிரண்டு திமிறுகிறாள், மூச்சுக்குழல் இறுகிவிட்டது. நிலைமை இன்னும் மோசம். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்து வேடிக்கை பார்த்த டாக்டர்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள்.

இப்சன் ஒரு காரியம் செய்தார். 100 மில்லிகிராம் பென்டதால் கொடுத்தார். மயக்க மருந்து. மூச்சுவிடத் திணறும் குழந்தைக்கு, இருக்கிற மூச்சையும் நிறுத்தும் மருந்து! சிறுமி துவண்டாள். மூச்சு நின்றது. திமிறல் போயிற்று. இப்போது பையை அழுத்தினால் நெஞ்சு அழகாக மேலே எழுந்தது. எச்சிலை உறிஞ்சி எடுத்தார்கள். கார்பன் டை ஆக்ஸைடு இறங்கியது. அவள் பிழைத்தாள். கைகால் திரும்பவில்லை, ஆனால் 1971 வரை வாழ்ந்தாள்.

பொதுவாகச் சினிமாவில் இந்த இடத்தில் 'சுபம்' போட்டுவிடுவார்கள். நிஜத்தில் தலைவலி இப்போதுதான் ஆரம்பம்.

ஒரு சிறுமிக்கு ஒரு இப்சன் சரி. வார்டில் இதே நிலையில் உச்சகட்டத்தில் 70 பேர். 70 பேருக்கு இருபத்துநாலு மணி நேரமும் பையை அழுத்த வேண்டும். கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 1,680 மணி நேரம். கை வலிக்கிறது என்று ஐந்து நிமிஷம் விட்டால் ஒரு உயிர் போச்சு. கோபன்ஹேகனில் இருந்த மயக்க மருந்து டாக்டர்கள் மொத்தப் பேரும் வந்தாலும் காணாது.

லாஸன் இங்கேதான் விஸ்வரூபம் எடுத்தார். மருத்துவம் இப்சனுடையது என்றால், நிர்வாகம் இவருடையது. சரி என்று புரிந்த அடுத்த சில நாட்களில் ஆஸ்பத்திரியையே புரட்டிப் போட்டார். மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார். போதவில்லை என்று பல் மருத்துவ மாணவர்களையும் கூப்பிட்டார். சுமார் 1,500 பேர். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று ஷிஃப்ட். கூடுதலாக இருநூற்றுக்கும் மேற்பட்ட நர்ஸுகள். தொண்டையில் துளை போட காது மூக்கு தொண்டை சர்ஜன்கள். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மேற்பார்வை பார்க்க மயக்க மருந்து டாக்டர்கள். ரத்தம் பார்க்க அஸ்ட்ரப்பின் கூடம். ஒரு நாளைக்குச் செலவான ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் மட்டும் 250. மூச்சுத்தசை பாதித்தவர்களையெல்லாம் தனி வார்டுகளில் ஒரே இடத்தில் சேர்த்தார்கள்.

கொஞ்சம் நிதானமாக மேலே உள்ளதைத் திரும்பப் படியுங்கள். ஆபத்தானவர்கள் ஒரே இடத்தில். பக்கத்தை விட்டு நகராத ஆள். பல துறை டாக்டர்கள் ஒரே கூரையின் கீழ். அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ராத்திரி பகல் கிடையாது. இதுதான் ஐ.சி.யூ.! பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.

இருபது வயசுப் பையன்களும் பெண்களும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு உயிருக்காக மூச்சு விட்டார்கள். நோயாளியால் பேச முடியாது. கண்ணாலும் முகத்தாலும் காட்டும் ஜாடையை வைத்து, இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் ஆழமாக என்று புரிந்துகொண்டு அழுத்தினார்கள். குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டினார்கள்.

கொடுமை ராத்திரியில்தான். நோயாளிகள் தூங்க வேண்டும் என்று விளக்கைக் குறைத்துவிடுவார்கள். மங்கிய வெளிச்சத்தில் மாணவர் பையை அழுத்திக்கொண்டே இருப்பார். விடிந்து பார்த்தால், நோயாளி எப்போதோ இறந்து போயிருப்பார். இறந்த உடம்புக்குத்தான் இவ்வளவு நேரம் மூச்சுக் கொடுத்தோம் என்று தெரிந்து அதிர்ந்துபோனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் வயதான பிறகும் இதை மறக்க முடியாமல் எழுதினார்.

ஆனால் பலன்? 31-க்கு 27 என்று இருந்த சாவு முதலில் பாதிக்கும் கீழே இறங்கியது. பிறகு கால்வாசி அளவுக்கு வந்தது. மாணவர்கள் அழுத்திய நேரத்தைக் கூட்டினால் சுமார் 1,65,000 மணி நேரம். வருஷக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 19. 1953 ஜனவரியில் 'லான்செட்' இதழில் லாஸன் இதை எழுதியபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்வீடன் டாக்டர் கார்ல் குன்னர் எங்ஸ்ட்ராமின் இயந்திரம் மாதிரி, மாணவர்களின் கைகள் செய்ததையே செய்யும் மெஷின்கள் அப்புறம்தான் பரவின. முதலில் ஆள். பிறகுதான் மெஷின்.

அலை ஓய்ந்ததும் மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். இப்சன் விடவில்லை. போலியோவுக்குச் செய்தது மற்றவர்களுக்கு ஏன் கூடாது? பெரிய ஆபரேஷன் முடிந்தவர்கள், விஷம் குடித்தவர்கள், அடிபட்டவர்கள்? 1953 டிசம்பரில் கோபன்ஹேகனின் கம்யூன் ஆஸ்பத்திரியில், நர்ஸ் மாணவிகளின் வகுப்பறை ஒன்றைக் காலிசெய்து வாங்கி இதற்கென்று ஒரு வார்டு ஆரம்பித்தார். உலகின் முதல் ஐ.சி.யூ. என்று மருத்துவ வரலாறு பொதுவாகக் கைகாட்டுவது அந்த வகுப்பறையைத்தான். 1958-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் சஃபார் என்ற இன்னொரு மயக்க மருந்து டாக்டர், ராத்திரியும் பகலும் டாக்டர் இருக்கும் ஐ.சி.யூ.வைத் தொடங்கினார்.

அன்றிலிருந்து ஒரு சண்டை ஓயவே இல்லை. ஐ.சி.யூ.வில் கிடக்கும் நோயாளி யாருடைய நோயாளி? ஆபரேஷன் செய்த சர்ஜனுடையவரா, இதயத்தைப் பார்க்கும் டாக்டருடையவரா, ஐ.சி.யூ. டாக்டருடையவரா? ஆளுக்கொரு மருந்தை எழுதிவிட்டுப் போனால் நர்ஸ் யார் பேச்சைக் கேட்பார்? 2002-ல் 'ஜாமா' இதழில் ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது. ஐ.சி.யூ.வுக்கென்றே பயிற்சி பெற்ற டாக்டரிடம் பொறுப்பை ஒப்படைத்த இடங்களில், அல்லது அவரைக் கட்டாயம் கலந்துகொள்ளச் சொன்ன இடங்களில், சாவு குறைவாக இருந்தது. ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மற்றவர்கள் வழிவிட வேண்டும்.

அந்த ஆய்வை எழுதியவர்களில் முதல் பெயர் பீட்டர் ப்ரொனோவோஸ்ட். சஃபாரின் அதே பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. டாக்டர். கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகுவார்களே, சென்ட்ரல் லைன், அதன் வழியாகக் கிருமி ஏறி நோயாளிகள் சாவது அவரை உறுத்தியது. 2001-ல் ஒரு காகிதத்தை எடுத்து ஐந்து வரி எழுதினார். சோப்புப் போட்டுக் கை கழுவு. நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் துடை. உடம்பு முழுக்கச் சுத்தமான துணியால் மூடு. தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை போட்டுக்கொள். குழாயைச் செருகியதும் அந்த இடத்தைச் சுத்தமாகக் கட்டு.

அட, இது எந்த டாக்டருக்குத் தெரியாது என்று கேட்பீர்கள். அவர்களும் அதைத்தான் கேட்டார்கள். நர்ஸுகளை விட்டு ஒரு மாதம் கவனிக்கச் சொன்னார் ப்ரொனோவோஸ்ட். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருந்தது.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் விசேஷம். ஒரு படி விட்டுப்போனாலும் டாக்டரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் பேசி நர்ஸுகளுக்கு வாங்கிக் கொடுத்தார். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சரி. கையைக் கழுவிட்டு வாங்க சார், அப்புறம் போடலாம்!

ஒரு வருஷத்தில் அந்த ஐ.சி.யூ.வில், பத்து நாள் குழாய் இருந்தவர்களில் 11 சதவிகிதமாக இருந்த தொற்று பூஜ்யத்துக்கு வந்தது. பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு மேலதிகாரி மாதாமாதம் வார்டுக்கு நேரில் போய் என்ன குறை என்று கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. போனபோதுதான் தெரிந்தது, குளோர்ஹெக்ஸிடின் என்ற அந்தக் கிருமிநாசினியே பெரும்பாலான இடங்களில் கிடையாது! அதிகாரி பார்த்ததும் வந்து சேர்ந்தது. 18 மாதத்தில் தொற்று 66 சதவிகிதம் வரை குறைந்ததாக 2006-ல் முடிவுகள் வெளியாயின. புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை.

கோபன்ஹேகனையும் மிச்சிகனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் அரை நூற்றாண்டு. விஷயம் ஒன்றுதான். ப்யோர்னபோ வாயைத் திறக்கப் பயந்திருந்தால்? "ஒரு மயக்க மருந்து டாக்டர் எனக்குச் சொல்வதா" என்று லாஸன் முறைத்திருந்தால்? அந்தச் சிறுமி அன்று ராத்திரியே போயிருப்பாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற குழந்தைகளும் போயிருப்பார்கள்.

இப்சன் 2007-ல் காலமானார். ஐ.சி.யூ.வின் தந்தை என்று அவரைக் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். எனக்கு என்னமோ லாஸனுக்கும் ஒரு வணக்கம் போடத் தோன்றுகிறது. தலைவன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று நினைக்கிறோம். 31 பேரில் 27 பேர் செத்துப்போன வார்டில், தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தன்னைவிடச் சின்னவருக்கு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தாரே, அதற்குத்தான்.

அடுத்த முறை ஐ.சி.யூ. வாசலில் நிற்க நேர்ந்தால் (நேரவே வேண்டாம்), உள்ளே எத்தனை மெஷின் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் பெரிய டாக்டர் தப்புச் செய்தால், இருபத்து மூன்று வயது நர்ஸ் ஒருத்தி "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் கொஞ்சம் நிம்மதியாக அந்த நாற்காலியில் சாயலாம்.